ஆட்டோகிராஸ் காருக்கு ஹை-ஃப்ளோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரா, வெறும் பைப்பா?

வார நாளில் சென்னை ஓஎம்ஆர் சாலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோகிராஸ் (கோன்களுக்கு நடுவே ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி) என்று ஒரே காரை ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: இன்ஜின் புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டரை மாற்றி, புகை எளிதாக வெளியேறும் ஹை-ஃப்ளோ வகையைப் போடுவதா, இல்லை கன்வெர்ட்டரே இல்லாமல் வெறும் பைப் வைப்பதா?

செலவு: வெறும் பைப் மலிவு, வெல்டிங் பட்டறையிலேயே முடிந்துவிடும். ஹை-ஃப்ளோவில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலை கூடுதல்.

வேகம்: கோன்களுக்கு நடுவே வளைந்து ஓடும் குறுகிய ஓட்டத்தில் டயரும் பிரேக்கும்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். டர்போ இல்லாத சின்ன இன்ஜினில் பைப்பால் கிடைக்கும் கூடுதல் பவர் சொற்பம். சத்தம்தான் பெரிதாக ஏமாற்றும்.

தொல்லை: கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு) என்று வரும். மட்டமான ஹை-ஃப்ளோவிலும் இது வரலாம்.

விதி: சென்னையில் 1995 முதலே புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயம். அதைக் கழற்றிவிட்டு சாலையில் ஓட்டுவது சட்டமீறல். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுக்கும். மாசு விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பின் ஸ்ட்ரீட் டூரிங் பிரிவிலும் ஹை-ஃப்ளோவுக்கு அனுமதி உண்டு, கழற்றத்தான் முடியாது. இங்கே அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகும் ரேஸ் காருக்கு, விதி அனுமதித்தால், பைப் சரி. நம்பர் பிளேட்டோடு சாலையில் ஓடும் காருக்கு கம்பெனி கன்வெர்ட்டரையே விடுங்கள். அது அடைத்துப்போயிருந்தால் மட்டும், அந்தக் காரின் மாசு அளவுக்குப் பொருந்துகிற நல்ல ஹை-ஃப்ளோ. மிச்சப் பணத்தில் டயர் வாங்குங்கள்.