சொந்தக்காரர் இல்லாத கார் என்று சொல்லி விற்றான்: 87,500 ரூபா போனது

நேற்று மாலை பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தேன். இரவு தூக்கமில்லை. விடிந்ததும் இதை எழுதுகிறேன். ஆறப்போட்டால் வெட்கம் முந்திக்கொள்ளும், பிறகு எழுதமாட்டேன்.

போனது எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபா, ஒரு பழைய கியர்பொக்ஸுக்கு. கடன் வாங்கிய காசு அல்ல, சீட்டுப் பிடித்த காசு. அதனால் இன்னும் எரிகிறது.

என்னிடம் இருப்பது அப்பா விட்டுப்போன டொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். இரண்டு மாதத்துக்கு முன் பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் சும்மா இருக்கிறது, பின்னால் காலி வீதி முழுக்க ஹோர்ன். தெஹிவளையில் எங்கள் காரைப் பதினைந்து வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் பாஸ் கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்றார். பஞ்சிகாவத்தையில் விசாரித்தேன். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் பொக்ஸுக்கு ஒருவர் ஒரு இலட்சத்து அறுபத்தைந்தாயிரம் கேட்டார், மற்றவர் அதற்கும் மேலே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் நாடே பழைய காரைத் தட்டித் தட்டி ஓட்டியது. பழைய பாகத்துக்கு ஏன் இந்த விலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய பொருள் வாங்கி விற்கும் ஓர் இணையத்தளம், பெயர் சொல்லப்போவதில்லை. ‘121 கார், உரிமையாளர் இல்லை, பாகம் பாகமாகக் கொடுக்கப்படும். கியர்பொக்ஸ் 87,500.’

உரிமையாளர் இல்லை என்ற இரண்டு சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். என் கண் விலையில் நின்றது.

அழைத்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க குரல். ‘அண்ணா, நேரில் வந்து பாருங்கள். பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பவேண்டாம்’ என்றான். ஏமாற்றுகிறவன் இப்படிச் சொல்வானா என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் ஒன்றும் சொல்வதில்லை, அது அதைவிடக் கொடுமை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் ஒழுங்கை. மதிலோரம் ஜாம் மரத்தின் கீழ் கார் நின்றது. டயர் நான்கும் இறங்கிப்போயிருந்தன, கூரை முழுக்கப் பழமும் பறவை எச்சமும். கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான அனுமதிப்பத்திரம் 2022 ஆம் ஆண்டோடு முடிந்திருந்தது. ‘பெற்றோல் வரிசைக் காலத்தில் விட்டுவிட்டு வெளிநாடு போனவர்கள் அண்ணா. இனி வரமாட்டார்கள். மூன்று வருடம் யாரும் கேட்காவிட்டால் எடுத்தவனுக்குச் சொந்தம், சட்டமே அப்படித்தான்’ என்றான். சட்டத்தை அவன் வாயால் கேட்டு நான் தலையாட்டினேன். எனக்கு வயது நாற்பத்தாறு. கணக்காளர் வேலை.

அவனிடம் திறப்பு இருந்தது. பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து வயரைக் கொழுவி ஸ்டார்ட் செய்தான். இரண்டாம் முறையில் பிடித்தது. கியர் எண்ணெய்க் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினான். மாதுளைச் சாறு மாதிரிச் சிவப்பு. நல்ல பொக்ஸின் எண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்று பாஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கியரை முன்னும் பின்னும் மாற்றினான். தட்டையான டயரோடும் கார் ஓர் அடி முன்னே நகர்ந்து, ஓர் அடி பின்னே வந்தது.

எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். இவன் போய் ஏதோ பேசினான். சற்று நேரத்தில் இரண்டு கோப்பை வெறும் தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் வந்தன. ‘இந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் அண்ணா’ என்றான். அந்தத் தேநீர்தான் என்னை விழுத்தியது. எண்ணெயும் அல்ல, இயந்திரமும் அல்ல. ஒரு வயதான அம்மா தேநீர் கொடுக்கிற இடத்தில் களவு நடக்காது என்று என் மனம் எழுதி வைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் விட்டேன். வைப்பரில் ஒரு செவ்வரத்தம்பூ செருகியிருந்தது. வாடியிருந்தது, ஆனால் மூன்று வருடத்து வாட்டம் அல்ல, மூன்று நாள் வாட்டம். கைவிட்ட காருக்கு யார் பூ வைப்பார்கள்? அந்தக் கேள்வி வந்தது. விலையைக் கெடுத்துவிடும் என்று கேட்கவில்லை.

அங்கேயே நாற்பதாயிரம் வங்கிக்கு அனுப்பினேன். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. மச்சானுடையது என்றான். நான்கு நாள் கழித்து ஒரு லொறிக்காரன் பொக்ஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கராஜில் இறக்கினான். மிச்சம் நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறையும் கையில் வாங்கிக்கொண்டு போனான். பில் கேட்டேன். ‘ஆளில்லாத சாமானுக்கு என்ன பில் ஐயா?’ என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாஸ் பூட்டினார். பின்கியர் விழுந்தது. முன்கியரில் போட்டால் பத்து வினாடி யோசித்துவிட்டு ஒரு குதி குதித்தது. எண்ணெயை இறக்கினால் கறுப்பு, தீய்ந்த வாசம். ‘மஹத்தயா, நீங்கள் பார்த்தது இந்தப் பொக்ஸ் இல்லை’ என்றார். ஓடிய பொக்ஸ் வேறு யாருக்கோ போயிருக்கிறது. எனக்கு வந்தது பிணம்.

இனி அவன் சொன்னவற்றைக் கேளுங்கள். முதல் நாள்: ‘புதிதாகப் பூட்டினால் நூறு கிலோமீட்டர் ஓடிப் பழகவேண்டும் அண்ணா.’ மூன்றாம் நாள்: ‘எண்ணெயை மாற்றுங்கள், சரியாகும்.’ அதையும் நம்பிப் பதினான்காயிரத்துக்கு எண்ணெய் ஊற்றினேன். ஐந்தாம் நாள்: ‘உங்கள் பாஸுக்கு ஓட்டோ கியர் வேலை தெரியாது.’ அதற்கு அடுத்த நாள்: ‘அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறேன், இந்த நேரத்தில் காசு காசு என்கிறீர்களே.’ மன்னிப்புக் கேட்டேன், நம்புவீர்களா? அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். அழைத்தால் தொடர்பு இல்லை.

இணையத்தளத்துக்கு நான்கு முறை எழுதினேன். நான்காவதற்குப் பதில் வந்தது. தாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மட்டுமே, வாங்குபவரும் விற்பவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டுமாம். கீழே, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. வங்கியில் இருந்த பிள்ளை மரியாதையாகவே சொன்னாள், ‘நீங்களே விரும்பி அனுப்பிய பணம், சேர்’ என்று. 87,500 ரூபாவும் நான் விரும்பிக் கொடுத்தது. உண்மைதான்.

போன சனிக்கிழமை அந்த ஒழுங்கைக்கே போனேன். காரின் மற்றப் பாகங்களையாவது மறித்து வைக்கலாம், அவன் வரும்போது பிடிக்கலாம் என்ற எண்ணம். ஜாம் மரம் நின்றது. கீழே கார் இல்லை. இலை விழாத ஒரு நீள்சதுரம் மட்டும் தரையில் வெளுத்துக் கிடந்தது.

எதிர்வீட்டு அம்மா கேற்றுக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தது. ‘தம்பி, காரைத் திருத்தி முடித்துவிட்டீர்களா? மகன் நேற்றும் கேட்டான்.’

கார் அவருடைய மகனுடையது. மகன் கட்டாரில் வேலை. வீட்டில் கார் விட இடமில்லை, அதனால் எதிர் மதிலோரம். மாதம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்துவிட்டுப் போக மகன் ஒழுங்கு செய்து, திறப்பும் கொடுத்து, மாதாமாதம் காசும் அனுப்பிய ஆள்தான் அவன். திருத்தக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிக் கட்டி இழுத்துப் போயிருக்கிறான். அன்று வந்த நான் பெரிய மெக்கானிக் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் தேநீர். வெள்ளிக்கிழமை தோறும் வைப்பரில் பூ வைத்தவரும் அவர்தான்.

அந்த வாசலில் நின்றபோது எனக்கு 87,500 ரூபா மறந்துபோனது. ஓட்டோவில் திரும்பும்போது மறுபடி ஞாபகம் வந்தது, மறைக்கவில்லை.

சட்டத்தரணி நண்பன் ஒருவனைக் கேட்டேன். தெருவில் நிற்பதால் ஒரு பொருளின் உரிமை கழன்று விழாது, தூசி படிந்தால் சொந்தக்காரன் மாறமாட்டான் என்றான். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் அதைத்தான் சொல்கிறதாம். கண்டெடுத்த பொருளாகவே இருந்தாலும், சொந்தக்காரரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். நம்பி ஒப்படைத்ததை விற்றால் அது நம்பிக்கை மோசடி, இன்னும் பாரமானது. வாங்கியவன் பாடு? களவுப் பொருள் என்று தெரிந்திருந்தாலும், அப்படி நம்பக் காரணம் இருந்திருந்தாலும் அவனும் மாட்டுவான். ‘உனக்குக் காரணம் இருந்ததா?’ என்று கேட்டான். நான் செவ்வரத்தம்பூவைச் சொல்லவில்லை.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் பொறுமையாக எழுதினார். நடுவில் பேனாவை வைத்துவிட்டு, ‘அது அவனுடைய கார் இல்லை என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?’ என்றார். யன்னலுக்கு வெளியே வழக்குக்காகப் பிடித்து வைத்த வாகனங்கள் துருப்பிடித்து நின்றன. புல் வளர்ந்த வான் ஒன்று, கதவில்லாத ஓட்டோ ஒன்று. அவையும் பார்வைக்கு ஆளில்லாதவைதான். நீதிமன்றம் சொல்லும்வரை ஓர் ஆணியைக்கூட யாரும் கழற்ற முடியாது.

இந்த இடத்தில் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் என் காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் வெள்ளவத்தையில் ஓர் இரவில் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கள்ளனைத் திட்டினேன். பிறகு பழைய கண்ணாடி இரண்டு அரை விலைக்கு வாங்கிப் பூட்டினேன். அவை எந்தக் காரிலிருந்து வந்தவை என்று கேட்கவில்லை. களவு போன கண்ணாடியை மறுநாள் காசு கொடுத்து மீட்கலாம் என்று கொழும்பில் ஒரு பழைய பகடி இருக்கிறது. அதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. ஆளில்லாத கார் என்றால் இலக்கத்தகட்டைக் குறித்துக்கொண்டு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை விசாரியுங்கள், யாரோ ஒருவரின் பெயர் இருக்கும். சிலவேளை லீசிங் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். பதிவுப் புத்தகம் காட்டாதவனிடம் ஒரு திருகாணிகூட வாங்கவேண்டாம். வேறொருவர் கணக்குக்குக் காசு அனுப்பவேண்டாம். பில் தராத இடத்தில் வாங்கவேண்டாம். கடைக்காரர் பில் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, எனக்கோ முறையிடக் கடையே இல்லை. பக்கத்து வீட்டில் போய்க் கதவைத் தட்டி, இது யாருடைய கார் என்று நீங்களே கேளுங்கள். பதினைந்து அடி தூரம்தான் இருந்தது எனக்கு.

அந்தப் பிணப் பொக்ஸ் இப்போது கராஜ் மூலையில் கிடக்கிறது. சான்றுப் பொருளாம், பொலிஸ் வந்து எடுக்கும்வரை தொடக்கூடாது. கட்டாரிலிருந்து மகன் வியாழக்கிழமை வருகிறார். அம்மா எனக்கு அழைத்து, ‘நீங்களும் வீட்டுக்கு வாருங்கள் தம்பி, அவனுக்கு எல்லாம் சொல்லவேண்டும்’ என்றார். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதி முடித்துவிட்டு அதே இணையத்தளத்தைப் பார்த்தேன். புதிய பெயர், புதிய இலக்கம், ‘121 கார், உரிமையாளர் இல்லை, இயந்திரம் தனியாகவும் கொடுக்கப்படும்.’ முன்பக்கம் தெரியும் படம். வைப்பரில் சிவப்பாக ஏதோ செருகியிருந்தால், அது அந்தக் கார்தான்.