மேசைப் பயிற்சியா, தரையில் விளையாட்டா?

"அங்கிட்டுப் பாரு, யானை" என்று நாம் கை நீட்டினால் திரும்பிப் பார்ப்பது ஒரு திறன். பிள்ளை தானாகவே யானையைப் பார்த்துவிட்டு "பார்த்தியாம்மா" என்பதுபோல் நம் முகத்தைப் பார்ப்பது வேறு திறன். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் ரொம்பக் கஷ்டம், அதனால் மதுரையில் தெரபி சென்டர் தேடுகிறவர்கள் ஃபீஸ் கேட்கும் முன்பே இதில் எதைப் பழக்குகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

மேசைப் பயிற்சியில் நாற்காலியில் உட்கார வைத்துப் படத்தைச் சுட்டுவார்கள், பார்த்தால் ஒரு துண்டு முறுக்கு. சொன்ன பக்கம் திரும்புவதைப் பழக்க இது நல்ல வழி, நோட்டில் டிக் போட்டுக் காட்டவும் வசதி. சிக்கல் என்னவென்றால், அறைக்குள் டக்கென்று திரும்புகிற பிள்ளை தெப்பக்குளத்தில் மைய மண்டபத்தைக் காட்டினால் திரும்பாமல் போகலாம், அங்கேதான் முறுக்கு இல்லையே.

தானாக நம் முகத்தைப் பார்ப்பதைப் பழக்கத்தான் தரை விளையாட்டு, இதில் பிள்ளைதான் முன்னால் போகும். பொம்மை பஸ்ஸின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து நாமும் ஒரு பஸ்ஸின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சோப்புக் குமிழி இதற்கு அருமையான சாமான்: இரண்டு முறை ஊதிவிட்டு மூடியைத் திருகி, டப்பாவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். டப்பாவிலிருந்து கண் உங்களிடம் வந்த நொடியே ஊதிவிட வேண்டும். "என்னைப் பாரு" என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்தக் காத்திருப்புதான் கஷ்டம், வீட்டில் பாட்டி இருந்தால் "பாவம் புள்ள, ஊதித்தான் விடேன்" என்று குரல் வந்துவிடும்.

என் ஓட்டு தரைக்குத்தான், ஆனால் மேசையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் ஆட்டிசம் ஆய்வாளர் கோனி கசாரியின் குழு 3, 4 வயதுப் பிள்ளைகள் 58 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்விலேயே, சில நிமிடம் மேசையில் பழக்கிவிட்டுத்தான் தரைக்கு இறங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அப்படிப் பழகிய பிள்ளைகளின் பேச்சும் முன்னேறியிருந்தது.

சென்டரே வேண்டாம், வீட்டிலேயே செய்கிறோம் என்பது மூன்றாவது வழி. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் சாதாரண சுகாதாரப் பணியாளர்களை வைத்துப் பெற்றோருக்குப் பழக்கிய ஆய்வு 2016இல் வந்தது. பிள்ளைகள் தாங்களாக அம்மா அப்பாவை நாடுவது கூடியது, ஆனால் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் குறைந்தது. அதனால் வீட்டை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரை உள்ளே உட்கார விட்டு, அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வைக்கும் சென்டர் கிடைத்தால், பஸ் மாறிப் போக வேண்டியிருந்தாலும் அங்கேயே போங்கள்.