திருப்பாதிரிப்புலியூர் மாடி வகுப்பு: ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கு ஆறு வாரம்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுத் தேர்வில் முதல் முறை எனக்கு ஒன்பதுக்கு 5.5 தான் கிடைத்தது. அப்போது படித்த வேறொரு வகுப்பில் விடைகளை எழுதிக் கொடுத்து உருப்போடச் சொன்னார்கள். நான் ஒப்பிப்பது தெரிந்ததுமே தேர்வாளர் கேள்வியைத் திருப்பினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகுதான் கடலூர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள இந்த வகுப்பில் சேர்ந்தேன். பகல் ஷிப்ட் முடிந்து வரும் நர்சுகளுக்கு மாலை ஆறு மணி வகுப்பு வசதி.

இங்கே உருப்போட எதுவும் தருவதில்லை. தேர்வைப் போலவே 11 முதல் 14 நிமிடம் பேசவிட்டு, நம் கைபேசியிலேயே பதிவு செய்து, அன்றிரவே கேட்டுப் பிழைகளைக் குறித்து வரச் சொல்கிறார் ஆசிரியை. முதல் இரவு கேட்டபோது அழுகையே வந்தது. பஸ்ஸு, புக்கு என்று சொல்லுக்குச் சொல் ஓர் உகரம். ஆறு வருடமாக வேலை பார்ப்பதைச் சொல்ல, 'ஃபார்' வர வேண்டிய இடத்தில் 'சின்ஸ்'. அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹி'! தமிழில் 'அவர்' இருவருக்கும் பொதுவல்லவா, அந்தப் பழக்கம். "அம்மா முகத்தை நினைத்துக்கொண்டு பேசும்மா" என்றார் ஆசிரியை. அதன்பின் அந்தத் தவறு குறைந்தது.

தேர்வின் இரண்டாம் பகுதியில் தலைப்பு எழுதிய அட்டையைப் பார்த்து யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் நான் முழு வாக்கியங்களாக எழுதி, இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவேன். சொற்களை மட்டும் எழுதச் சொன்னார் ஆசிரியை. நீர்நிலை அருகே உள்ள இடம் என்று தலைப்பு வந்த அன்று அப்பா, சுண்டல், அலை, 2004 என்று நான்கே குறிப்புகள். தேவனாம்பட்டினம் கடற்கரையையும் சுனாமிக்குப் பிறகு அப்பா எங்களை அங்கே மீண்டும் அழைத்துப்போன மாலையையும் சொல்லச் சொல்ல, இரண்டு நிமிட மணி அடித்ததே தெரியவில்லை.

குறையும் உண்டு. சனிக்கிழமை வகுப்பில் கூட்டம் அதிகம். பேசும் முறை ஒருதரம்தான் வரும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சமமான மதிப்பெண் இருக்க, உச்சரிப்புக்கு இங்கே ஒதுக்கும் நேரம் போதாது.

இரண்டாம் முறை 7 வாங்கினேன். சேர்வதானால் வார நாள் வகுப்பில் சேருங்கள். பதிவைக் கேட்க ஹெட்போன் எடுத்துச் செல்லுங்கள்.