உள்ளே நுழைய ஒரு சிறு ஓசை: புகழ்பெற்ற ஆல்பங்கள் சிலவற்றை முழுமையாகக் கேட்ட அனுபவம்

நான் இசையை முறையாகப் பயின்றவன் அல்லன். சுருதி சேர்ந்திருக்கிறதா, தாளம் தப்புகிறதா என்று உணரும் அளவுக்கே என் காது பழகியிருக்கிறது. அதுவும் பல ஆண்டுகளாகச் செயலி கலைத்துப்போட்டுத் தரும் தனிப்பாடல்களைக் கேட்டே பழகிய காது. மிகச் சிறந்தவை என்ற பட்டியல்களில் திரும்பத் திரும்ப இடம்பெறும் ஆல்பங்களில் சிலவற்றையேனும், அவற்றை உருவாக்கியவர்கள் அடுக்கிய வரிசையிலேயே, நடுவில் எழுந்து போகாமல் கேட்டுவிட வேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் முடிவு செய்தேன். ஜாஸ், ராக், சோல், ஹிப்-ஹாப், மேற்கத்தியச் செவ்விசை, இளையராஜாவின் ஒரு தொகுப்பு என்று வகை பார்க்காமல் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஹெட்போனில் குறைந்தது மூன்று முறை கேட்டேன். முதல் முறையிலேயே மனத்தைப் பறித்தவை மிகச் சில. மற்றவற்றில் எங்கோ ஓர் இடத்தில் வந்த ஒரு சிறு ஓசைதான் என்னை உள்ளே அழைத்துப் போனது. அந்த ஓசைகளைப் பற்றியே இங்கு அதிகமாக எழுதுகிறேன்.

தொடங்கியது ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில். 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் நியூயார்க்கில் பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த இந்த ஆல்பத்தில் ஐந்தே உருப்படிகள் உள்ளன. முதல் முறை கேட்டபோது இதமான பின்னணி இசை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டாம் முறை, முதல் உருப்படியான 'சோ வாட்'டைக் கேட்கும்போது கவனித்தேன்: தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாஸ் என்ற தந்திக் கருவி கேள்வி கேட்பதுபோல ஒரு வரியை வாசிக்க, மற்றக் கருவிகள் இரண்டே அடியில் பதில் சொல்கின்றன. இந்தக் கேள்வி பதில் ஓய்ந்து, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் டேவிஸ் டிரம்பெட்டில் தம் தனி வாசிப்பைத் தொடங்கும் கணத்தில், டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் சிம்பல் என்ற உலோகத் தட்டின் மீது ஓர் அடி அடிக்கிறார். அதுவரை அடங்கியிருந்த வாசிப்புக்கு அது சற்றுப் பெரிய அடிதான். ஆனால் அதன் அதிர்வு உடனே நிற்காமல், டிரம்பெட்டின் முதல் ஸ்வரங்களுக்கு அடியில் நெடுநேரம் தேய்ந்து தேய்ந்து கரைகிறது. அந்தக் கரைதலைப் பின்தொடர்ந்து போன என் காது, தன்னை அறியாமலே டிரம்பெட்டில் போய் நின்றுவிட்டது.

அதன்பிறகு இந்த ஆல்பம் எனக்கு அந்நியமாக இல்லை. பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருந்த அன்றைய ஜாஸ் முறையை விட்டு, இவர்கள் ஒரே ஸ்வர வரிசையில் வெகுநேரம் தங்கி அதையே விரித்துச் செல்கிறார்கள். 'சோ வாட்'டில் வரும் வரிசை கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்களே. நடுவில் முழு வரிசையும் அரை ஸ்வரம் மேலேறி, மறுபடி தன் இடத்துக்கு இறங்குகிறது. ராக ஆலாபனையைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த நிதானம் எளிதில் பிடிபடும். டேவிஸ் ஒரு வாக்கியம் வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் அந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பித் தள்ளுகிறார். இருவரும் ஒரே நிலத்தில் நடப்பவர்கள் என்பது கேட்கக் கேட்கத்தான் விளங்குகிறது. முதல் நாள் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பல பத்தாண்டுகள் அசலைவிடச் சற்றே உயர்ந்த சுருதியில்தான் ஒலித்து வந்தன என்றும், 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் அது சரிசெய்யப்பட்டது என்றும் பின்னர் படித்தேன். அந்தப் பிசகோடு கேட்டே இதை உயிராக நேசித்த ஒரு தலைமுறை இருந்தது என்பது எனக்கு ஏனோ மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தப் பதிவு நடந்த இடம், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா நிறுவனம் நடத்திய 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடம். நான் அடுத்துக் கேட்ட ஆல்பமும் அதே கூடத்தில் பிறந்தது. கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற படைப்பை 1955 ஜூனில், தம் 22ஆம் வயதில், அங்கே பதிவு செய்தார். 1981இல் மீண்டும் அதே இடத்துக்கு வந்து அதையே இன்னொரு முறை பதிவு செய்தார். ஆரியா என்ற ஒரு மெட்டு, அதன் அடித்தளத்தின் மேல் எழும் 30 மாறுபாடுகள், கடைசியில் மறுபடியும் அதே ஆரியா என்பதே படைப்பின் அமைப்பு. இளைஞரின் பதிவு 38 நிமிடங்களில் முடிகிறது. பிந்தையது 51 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது.

1981ஆம் ஆண்டுப் பதிவை முதன்முதலில் கேட்டபோது, சில நிமிடங்களில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல் கேட்டது. யாரும் இல்லை. வாசிக்கும்போது கூடவே வாயால் பாடிக்கொண்டிருப்பது கூல்டின் வழக்கம். அந்தக் குரல்தான் பியானோவுக்குப் பின்னால் பதிவாகியிருந்தது. முதல் நாள் அது எனக்குத் தொல்லையாக இருந்தது. மூன்றாம் நாள், அது எந்த இடத்தில் வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன். மெதுவான மாறுபாடுகளில் வலக்கை ஒரு வரியையும் இடக்கை இன்னொரு வரியையும் வாசிக்கும்போது, குரல் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றைத் தேடிப் போகிறது. இசை அவருக்குள் எப்படி ஓடியது என்பதை விரல்களைவிட அந்த முனகல் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

வேகத்துக்காகவும் துள்ளலுக்காகவும் 1955ஆம் ஆண்டுப் பதிவையே பலர் உயர்த்திச் சொல்வர். என் வாக்கு பிந்தையதற்கே. இளைஞர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும் முதல் ஆரியாவை, அவரே முதிர்ந்த வயதில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் நீட்டுகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததற்கு வழிவிட்டு ஒதுங்குவதுபோல் வருகிறது. 30 மாறுபாடுகளையும் கடந்து அதே ஆரியா திரும்பி வரும்போது, ஏட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறாத நிலையிலும், அது வேறொன்றாகக் கேட்கிறது. இந்தப் பதிவு வெளிவந்து சில வாரங்களில், 1982 அக்டோபரில், கூல்ட் தம் 50ஆம் வயதில் காலமானார். அதை அறிந்த பிறகு அந்தக் கடைசி ஆரியாவை வேறு வேலை செய்துகொண்டே கேட்க என்னால் முடியவில்லை.

பாக்கின் வழியாகவே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்துக்கு வந்தேன். 1986இல் வெளிவந்த இது தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வயலின் வாசித்திருப்பவர் வி. எஸ். நரசிம்மன். இதை முன்பே பலமுறை கேட்டிருக்கிறேன் என்றாலும், வரிசையாகக் கேட்டபோதுதான் இரண்டு தலைப்புகள் ஒரே வாக்கியமாக இணைவதைக் கவனித்தேன்: பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், நாங்கள் பேசினோம். சந்திப்பில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டா என்ற, பல பகுதிகள் கொண்ட படைப்பின் தொடக்கப் பகுதி ஓடிவருகிறது, அதைச் சுற்றி இளையராஜாவின் இசை சேர்ந்துகொள்கிறது. எனக்கு வழிதிறந்தது தனி வயலினில் வரும் கமகம். குழுவாக வாசிக்கும் வயலின்கள் ஸ்வரங்களை அசைக்காமல் நேராகப் பிடித்திருக்க, ஒற்றை வயலின் மட்டும் நடுவில் வழுக்கி, வளைந்து, ஸ்வரத்தின் மேல் போய் அமர்கிறது. கூல்டைத் தொடர்ந்து கேட்ட காதுக்கு அந்த வளைவு ஒரு புது மொழியின் முதல் சொல்லாகவே பட்டது. சில உருப்படிகளில் தாளக் கருவிகளின் ஒலி அந்தக் காலத்து மின்னணுச் சாயலை விட்டு விலகவில்லை என்பது மட்டுமே என் குறை.

பிங்க் ஃப்ளாய்ட் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கேட்பதற்குள் ஒரு சிக்கல் வந்தது. நான் சந்தா கட்டிவரும் இசைச் செயலி, ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இமைப்பொழுது மௌனத்தைச் செருகிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குள் ஒன்று கரைந்து செல்லும்படி அமைந்த பாடல்களில் இது படத்தின் நடுவே திரை கிழிந்ததற்குச் சமம். அமைப்புகளைத் துருவி, இடைவெளியின்றி ஒலிக்கச் செய்யும் தெரிவைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான ஆல்பத்தைக் கேட்டேன். கடிகாரங்கள் ஒரே நேரத்தில் மணியடித்து அலறும் இடம் எல்லாரும் அறிந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையொன்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவுசெய்து கோத்தது அது. காசு எண்ணும் ஓசைகளை ஏழு எண்ணிக்கையில் வெட்டி ஒட்டிய பாடல், மிச்ர சாப்பில் பழகிய கைக்குத் தொடையில் தட்ட வசதியாக இருந்தது. கிட்டார் தனி வாசிப்பு வந்ததும் நான்குக்கு மாறிவிட்டதில் எனக்குச் சிறு ஏமாற்றம். என்னை அசைத்தது கிளேர் டோரியின் குரல். ஒரு சொல்கூட இல்லாமல் அழுது, உயர்ந்து, களைத்து, கிசுகிசுத்து ஓயும் அந்தக் குரலுக்கு அன்று 30 பவுண்டே ஊதியம். தாம் பாடிய அந்தப் பாடலின் இணை இயற்றுநர் என்ற தகுதியை 2005இல்தான் அவர் சட்டத்தின் வழியே பெற்றார். அவர் குரல் இல்லாமல் அந்தப் பாடலை என்னால் எண்ணிப்பார்க்கவே இயலவில்லை.

சோல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) எந்தத் திறவும் தேவைப்படாத ஆல்பம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரனின் கண்ணால் நாட்டைப் பார்க்கும் பாடல்கள் 35 நிமிடங்களுக்கு ஒன்றோடொன்று தொடர்ந்து வருகின்றன. கேயின் குரல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று பாட மற்றொன்று அருகிலிருந்து தேற்றுவதுபோல் ஒலிப்பது என்னை உடனே கட்டிப்போட்டது.

ஹிப்-ஹாப் கலைஞர் நாஸ் தம் 20ஆம் வயதில் தந்த 'இல்மாட்டிக்' (1994) அப்படி எளிதாக இல்லை. ரயில் ஓசையோடு தொடங்கும் அந்த ஆல்பத்தின் சொற்கள் என் காதைவிட வேகமாக ஓடின. இரண்டாம் முறை வரிகளைப் படித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாவது உருப்படியின் முடிவில் அவருடைய தந்தை ஓலு டாராவின் டிரம்பெட் மெல்ல எழுகிறது. மகன் பேசி முடித்த இடத்தில் தந்தை சொல்லின்றித் தொடர்வதைக் கேட்ட பிறகு, அதுவரை இறுக்கமாகத் தெரிந்த ஆல்பம் எனக்கு இளகிவிட்டது.

'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' 1996இல் ஹவானாவில் பதிவானது. கியூபக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கவிருந்த மாலி நாட்டுக் கலைஞர்கள் வர முடியாமல் போனதால் திட்டம் மாறி, கியூபாவின் மூத்த கலைஞர்கள் கூடி ஆறு நாள்களில் முடித்தார்கள். அவர்களில் ஒருவரான காம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது. முதுமையை மறைக்க முயலாத குரல்கள், சலிக்கவே இல்லை.

எட்டாவதாகக் கேட்ட ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' மட்டும் இன்னும் முழுமையாக வசப்படவில்லை. 1960 டிசம்பரில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த இதில், நால்வர் கொண்ட இரண்டு குழுக்கள் ஏறத்தாழ 37 நிமிடங்கள் ஒரே நேரத்தில் மனோதர்மமாக, அதாவது அந்தந்தக் கணத்தில் தோன்றியபடி, வாசிக்கின்றன. மூன்று முறையும் கூட்ட நெரிசலில் நின்றதுபோல் இருந்தது. நான்காம் முறை, ஒரு குழு இடக் காதிலும் மற்றது வலக் காதிலும் வைக்கப்பட்டிருக்கின்றன என்பது நினைவுக்கு வந்து, வலப்புறத்தை விலக்கிவிட்டு இடப்புறம் மட்டும் கேட்டேன். கோல்மனின் சாக்ஸபோனும் டான் செர்ரியின் டிரம்பெட்டும் நன்கு பழகிய இருவர்போல் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்து வைத்தார்கள். அவர்களுக்குக் கீழே ஸ்காட் லஃபாரோவின் பாஸ் தெளிவாக நடந்தது. அடுத்த நாள் இடப்புறத்தை விலக்கி, எரிக் டால்ஃபி இருக்கும் வலப்புறத்தைக் கேட்டேன். இரண்டையும் ஒன்றாக வைத்துக் கேட்க இந்த வாரம் மறுபடி உட்காரப் போகிறேன்.