சட்டியில் இருந்தது எவ்வளவு, அகப்பையில் வந்தது எவ்வளவு: ஈகிள்ஸ் கோஆர்டினேட்டர்கள் ஓர் அலசல்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்களிடம் ஒரு கோஆர்டினேட்டரைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், உடனே ரேங்க் வந்து விழும். அவர் டிஃபென்ஸ் என்.எஃப்.எல். லீக்கில் முதலாவது, இவருடையது முப்பதாவது, அப்புறம் என்ன பேச்சு என்பார்கள். எனக்கு இது எப்போதும் உறுத்தும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சட்டியை நிரப்புவது ஜெனரல் மேனேஜரின் வேலை, கோஆர்டினேட்டர் கையில் இருப்பது அகப்பை மட்டும். நாமோ இரண்டையும் சேர்த்து ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, அணி ஜெயித்தால் மேதை என்கிறோம், தோற்றால் தண்டம் என்கிறோம்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்கும் அணிக்கு (அஃபென்ஸ்) ஒருவர், தடுக்கும் அணிக்கு (டிஃபென்ஸ்) ஒருவர் என்று இரண்டு கோஆர்டினேட்டர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போதும் யார் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். (தாக்குதலைச் சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே தன் கையில் வைத்துக்கொள்வார்.)

இவர்களை ஒப்பிடுவதில் உள்ள கஷ்டம், கிட்டத்தட்ட ஒரே ஆட்டக்காரர்களை வைத்து வேறு வேறு ஆட்கள் சமைத்துக் காட்டுவது அரிது என்பதுதான். பிலடெல்பியா ஈகிள்ஸ் 2022, 2023, 2024 என்று மூன்று சீசன்களில் அதை நமக்குச் செய்து காட்டியது. தலைமைப் பயிற்சியாளர் நிக் சிரியானி, ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேன், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், மூவரும் மாறவில்லை. கோஆர்டினேட்டர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒரு ஜோடி (முதல் பெயர் டிஃபென்ஸ், அடுத்தது அஃபென்ஸ்): ஜொனாதன் கேனன், ஷேன் ஸ்டைகன், அடுத்த வருஷம் ஷான் டெசாய், பிரையன் ஜான்சன், அதற்கடுத்து விக் ஃபேன்ஜியோ, கெல்லன் மூர்.

முதலில் டிஃபென்ஸ், விஷயம் அங்கேதான் அதிகம். 2022-இல் கேனனிடம் இருந்தது லேசான சட்டி இல்லை. அந்த சீசனில் ஈகிள்ஸ் எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு 70 முறை வீழ்த்தியது. ஹாசன் ரெடிக் 16, ஜேவன் ஹார்கிரேவ், பிராண்டன் கிரஹாம், ஜாஷ் ஸ்வெட் மூவரும் ஆளுக்கு 11. ஒரே அணியில் நான்கு பேர் இரட்டை இலக்கம் தொட்டது லீக் வரலாற்றிலேயே முதல்முறை. பின்னால் டேரியஸ் ஸ்லே, ஜேம்ஸ் பிராட்பெரி, சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன். எதிரணி பந்தை எறிந்து எடுக்க விட்டுக்கொடுத்த யார்டுகளில் லீக்கிலேயே குறைவு. கூடவே தாக்கும் அணி பாதி ஆட்டத்திலேயே பெரிய முன்னிலை எடுத்துக் கொடுத்துவிடும், எதிரணி வேறு வழியில்லாமல் பந்தை எறிந்துகொண்டே இருக்கும், நம் ஆட்களும் பாய்ந்து பாய்ந்து விழுத்துவார்கள். 70-இல் எத்தனை கேனனின் மூளை, எத்தனை அந்த நான்கு பேரின் கால் வேகம், எத்தனை ஸ்டைகன் போட்டுக் கொடுத்த பாயிண்டுகள் என்று பிரித்துப் பார்த்தால் கேனன் பங்குக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்குக்குச் சாட்சி 2023 பிப்ரவரி சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். முதல் பாதியில் 24-14 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் கேன்சஸ் சிட்டி பந்து கிடைத்த நான்கு முறையும் பாயிண்ட் எடுத்து 38-35 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. கணுக்கால் அடிபட்டு நொண்டிக்கொண்டிருந்த அவர்கள் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை, 70 முறை ஆளை விழுத்திய அணி, ஒருமுறைகூட விழுத்தவில்லை. அதைவிட எனக்கு ஆறாதது, ஓர் ஆள் குறுக்கே ஓடுவது போலப் போக்குக் காட்டிச் சட்டென்று திரும்பும் அதே தந்திரத்தில் இரண்டு டச்டவுன், இரண்டு முறையும் பிடித்தவர் பக்கத்தில் ஈ காக்கா இல்லை. ஒருமுறை ஏமாந்தால் எதிராளி கெட்டிக்காரர். அதே இரவில் மறுபடியும் ஏமாந்தால் அது கோஆர்டினேட்டர் கணக்கில்தான் எழுத வேண்டும். தரை வழுக்கியது உண்மைதான், இரண்டு அணியுமே புலம்பியது. ஆனால் வழுக்கும் தரையில் ஆட்களை விழுத்த முடியாமல் போகலாம், எங்கே நிற்பது என்றே தெரியாமல் போகாது.

டெசாயைப் பற்றி எழுதும் முன் என் பாரபட்சத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த லீக்கில் கோஆர்டினேட்டர் ஆன முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர், அதனால் அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை இருந்தது. அவர் கைக்கு வந்தபோது சட்டியில் ஓட்டை விழுந்திருந்தது. ஹார்கிரேவ் போய்விட்டார், கார்ட்னர்-ஜான்சனும் இன்னொரு ஸேஃப்டி (கடைசி வரிசைக் காவல்காரர்) மார்கஸ் எப்ஸும் போய்விட்டார்கள், நடுவில் நின்ற லைன்பேக்கர்கள் டி.ஜே. எட்வர்ட்ஸ், கைஸர் வைட் இருவரும் போய்விட்டார்கள். வந்தவர்களில் ஜேலன் கார்ட்டர் மட்டும்தான் அசல் சரக்கு, அவரும் முதல் வருஷப் பையன். லைன்பேக்கர் நகோபி டீன் காயத்தில். ஸ்லேவும் பிராட்பெரியும் முப்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆட்களை வைத்து அணி 10 வெற்றி, 1 தோல்வி (10-1) வரை போனது. பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவிடம் 42 பாயிண்ட், டாலஸிடம் 33 பாயிண்ட் கொடுத்ததும், 10-3 என்ற நிலையில், களத்தில் உத்தரவு கொடுக்கும் பொறுப்பை டெசாயிடமிருந்து பிடுங்கி உதவிப் பயிற்சியாளர் மேட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள்.

கொடுத்த பிறகு நடந்தது ஊர் அறிந்தது. மிச்சமிருந்த நான்கில் மூன்று தோல்வி, பிளேஆஃபில் டாம்பா பேயிடம் 32-9. அந்த மூன்றில் ஒன்று, 2023 கடைசி நாளில், அதுவரை மூன்றே ஆட்டம் ஜெயித்திருந்த அரிசோனாவிடம் 35-31. அரிசோனாவின் பயிற்சியாளர் யார் என்றால் கேனன்! ரசிகர்கள் திட்டி அனுப்பிய மனிதர் திரும்பி வந்து பிலடெல்பியா மைதானத்திலேயே ஜெயித்துவிட்டுப் போனார். சீசன் முடிவில் கொடுத்த பாயிண்டில் ஈகிள்ஸ் லீக்கில் 30-ஆவது இடம். அந்த 30 என்ற எண்ணை டெசாய், பட்ரீஷியா, ரோஸ்மேன் மூவருக்கும் பங்கு பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், அதில் பெரிய பங்கு லைன்பேக்கர்களுக்குக் காசு செலவழிக்காத ரோஸ்மேனுக்கு.

2024-இல் ஃபேன்ஜியோ. யார்டு கணக்கில் லீக்கில் முதலிடம், பாயிண்ட் கணக்கில் இரண்டாமிடம். முப்பதிலிருந்து இரண்டு! உடனே மந்திரவாதி என்றார்கள். பொறுங்கள். ரோஸ்மேன் இந்த முறை சட்டியை நிரப்பியிருந்தார்: டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) 22-ஆவதாக குயின்யான் மிட்செல், 40-ஆவதாக கூப்பர் டிஜீன், திரும்பி வந்த கார்ட்னர்-ஜான்சன், ஒரு வருஷம் முதிர்ந்த கார்ட்டர். மறுபக்கம் ரெடிக் போய்விட்டார், ஃப்ளெட்சர் காக்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அதாவது பின்வரிசை வளர்ந்தது, முன்வரிசையில் பெரிய பெயர்கள் குறைந்தன. விழுத்திய எண்ணிக்கை 41 மட்டுமே, கேனன் காலத்து 70 எங்கே, இது எங்கே. ஆனாலும் இதுதான் நல்ல டிஃபென்ஸ்.

இங்கேதான் நான் அளவுகோலை மாற்றுகிறேன். ரேங்கை விடுங்கள். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஆளிடமிருந்து கோஆர்டினேட்டர் என்ன வாங்கினார் என்று பாருங்கள். ஸாக் பான் நியூ ஆர்லியன்ஸில் ஓரத்தில் நின்றவர், பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்களில் (பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் இறங்கும் குழு) ஓடியவர். ஒரு வருஷத்துக்கு 3.5 மில்லியன் டாலருக்கு வந்தார், அந்தச் சந்தையில் அது சில்லறை. அவரை நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். சீசன் முடிவில் லீக்கின் சிறந்த லைன்பேக்கர்களில் ஒருவராக ஆல்-ப்ரோ (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) முதல் அணியில் நின்றார். டெசாயைக் கவிழ்த்த அதே இடம், அதே ஓட்டை. டிஜீன் கதையும் அப்படித்தான். முதல் நான்கு ஆட்டத்தில் அணி 2-2, டாம்பா பே 33 பாயிண்ட் போட்டது, அப்போது ஃபேன்ஜியோவையும் திட்டித்தான் தீர்த்தோம், நானும்தான். ஓய்வு வாரம் முடிந்ததும் டிஜீனை உள்ளே இறக்கினார், அதிலிருந்து ஆட்டமே வேறு.

அப்புறம் 2025 பிப்ரவரி சூப்பர் பவுல், இந்திய நேரப்படி திங்கள் காலை 5 மணி, தூக்கம் கெட்டதற்கு இவ்வளவு பலன் எனக்கு முன்பு கிடைத்ததில்லை. அதே கேன்சஸ் சிட்டி, அதே மஹோம்ஸ். ஃபேன்ஜியோ ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை, அதாவது கூடுதல் ஆளை விடாமல் முன்னால் நின்ற நான்கு பேரை மட்டும் பாய விட்டு, மீதி ஏழு பேரைப் பின்னால் காவல் வைத்தார். மஹோம்ஸ் ஆறு முறை விழுந்தார். பானும் டிஜீனும் ஆளுக்கு ஒரு பந்தைப் பறித்தார்கள், டிஜீன் அதை டச்டவுனாகவே மாற்றினார், அன்று அவருக்கு 22-ஆவது பிறந்தநாள் வேறு. மூன்றாம் கால்பகுதியில் 34-0, முடிவில் 40-22. கேனன் பக்கம் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: 2023-இல் எதிரே நின்ற லைன் வலுவானது, 2025-இல் ஆள் இல்லாமல் உள்பக்கம் நிற்கும் கார்டு ஜோ தூனியை ஓரத்து டாக்கிள் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

ஃபேன்ஜியோ கடவுள் இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. மூன்று வருஷத்துக்கு 51 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்த பிரைஸ் ஹஃப் அந்த சூப்பர் பவுலில் சீருடைகூடப் போடவில்லை. அதற்கு முந்தைய வருஷம் மயாமியில் ஃபேன்ஜியோ ஒரே சீசனில் கிளம்ப வேண்டியிருந்தது. காயங்கள் சட்டியைக் காலி செய்தன, சில ஆட்டக்காரர்களுக்கு அவர் பாணியும் பிடிக்கவில்லை, கொடுத்த பாயிண்டில் லீக்கின் கீழ்ப்பாதி. பட்ரீஷியாவுக்கோ நேர் எதிர்: பிலடெல்பியாவில் மானம் போனவர், 2025-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்குப் போனார். கேலப் டவுன்ஸ் மாதிரி ஆட்கள் கையில் கிடைத்ததும், கல்லூரி ஃபுட்பாலிலேயே மிகக் குறைவாகப் பாயிண்ட் கொடுத்த டிஃபென்ஸ் அவருடையது.

அஃபென்ஸுக்கு இவ்வளவு நீட்டத் தேவையில்லை. ஸ்டைகனிடமும் ஜான்சனிடமும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே சட்டி: ஹர்ட்ஸ், ஏ.ஜே. பிரவுன், டிவான்டா ஸ்மித், முன்னால் ஜேசன் கெல்சி, லேன் ஜான்சன். ஸ்டைகன் ஆட்டத்துக்கு 28 பாயிண்ட் எடுத்தார், ஹர்ட்ஸ் எறிந்து பறிகொடுத்தது 6. பிரையன் ஜான்சன் 25-க்குக் கொஞ்சம் மேல், பறிகொடுத்தது 15. எதிரணி பிளிட்ஸ் அனுப்பினால் 2023 கடைசியில் ஈகிள்ஸிடம் பதிலே இல்லை. டாம்பா பே அதையேதான் செய்து வீட்டுக்கு அனுப்பியது. ஆட்கள் மாறாமல் விளைச்சல் குறைந்தால் குற்றம் அகப்பை பிடித்தவருடையது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சிரியானி பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் சந்தேகம்.

மூரைப் பலரும் ஸ்டைகனுக்கு மேலே வைக்கிறார்கள், கோப்பை கையில் இருப்பதால். நான் வைக்க மாட்டேன். கெல்சி ஓய்வு பெற்றது இழப்புதான், ஆனால் சேக்வான் பார்க்லி வந்தார், 16 ஆட்டத்தில் 2,005 யார்டு ஓடினார். லீக்கிலேயே மிகக் குறைவாகப் பந்தை எறிந்த அணியாக ஈகிள்ஸ் மாறியது. கையில் பார்க்லி இருக்கும்போது ஓடவிடுவது சரியான முடிவு, மூரின் பெருமை ஹர்ட்ஸ் 5 பந்து மட்டுமே பறிகொடுத்ததில் இருக்கிறது. ஆனால் ஸ்டைகன் பார்க்லி இல்லாமல் அதைவிட அதிகப் பாயிண்ட் எடுத்தார்.

ஆக என் வரிசையில் ஃபேன்ஜியோ, ஸ்டைகன் இருவரும் மேலே, பிறகு மூர், கொஞ்சம் கீழே கேனன், அதற்கும் கீழே ஜான்சன். பட்ரீஷியாவை ஐந்து ஆட்டத்தை வைத்து எந்த இடத்திலும் வைக்க எனக்கு மனமில்லை. டெசாயை எங்கே வைப்பது என்று மட்டும் இன்னும் நண்பர்களோடு சண்டை தீரவில்லை. முப்பதாவது ரேங்க் என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள், பொறுப்பைப் பிடுங்கியபோது அணி 10-3 என்று நான் ஆரம்பிப்பேன், லைன்பேக்கராக யார் நின்றார்கள் சொல் பார்ப்போம் என்று கேட்பேன், நிக்கலஸ் மாரோ என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு அவர்கள் ஃபோனைத் தேடுவார்கள்.