எழும்பூர் ஹாக்கி அரங்கம்: குடும்பத்தின் முதல் ஆட்டத்துக்கு எந்த இருக்கை?

இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு குடும்பம் தொழில்முறை ஹாக்கி ஆட்டம் பார்க்கச் சென்னைக்குப் புறப்பட்டால், மொத்தச் செலவில் அரங்க இருக்கைக்கான பங்கு மிகச் சிறியதாகவே இருக்கும். இரவு ரயில், தங்கும் அறை, பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஐந்து பேரின் சாப்பாடு ஆகியவற்றுக்கே பணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே, மலிவான இருக்கை எது என்று தேடுவதைவிட, மலிவான இருக்கைகளுக்குள் நல்லது எது என்று தேடுவதே எங்களைப் போன்றவர்களுக்குப் பயன்தரும். எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கைப் பொறுத்தவரை என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கவாட்டு காலரியில், மேல் வரிசைகளில், 23 மீட்டர் கோட்டுக்கு (கோல் முனையிலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர் தள்ளி ஆடுகளத்தின் குறுக்கே போட்டிருக்கும் கோடு) நேராக உள்ள இடம். பெவிலியனின் நடுவில் அதிக விலை கொடுத்து உட்காருவதைக் காட்டிலும், முதன்முறையாக ஹாக்கி பார்ப்பவருக்கு இதுவே மேலானது என்பது என் கருத்து.

எங்கள் ஊர் உச்சிப்புளிப் பக்கம். மகள் பள்ளி அணியில் மண் தரையில் ஹாக்கி ஆடுகிறாள். செயற்கைத் தரையில் பந்து ஓடுவதை அவள் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தாள். 2013இல் தொடங்கி 2017இல் நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது ஆண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில் நடந்தன. தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற பெயரில் ஓர் அணி இருந்தும் அதைத் தமிழ்நாட்டில் பார்க்க வழியில்லை. அடுத்த பருவத்தின் ஆட்டங்கள் 2026 ஜனவரியில் எழும்பூருக்கு வந்ததும், வீட்டில் அப்பத்தா உட்பட எல்லோரும் கிளம்பியே தீர வேண்டும் என்ற நிலை உருவாகிவிட்டது.

கிரிக்கெட்டுக்குப் பழகிய கண்களுக்கு ஹாக்கியில் ஏற்படும் முதல் தொல்லை பந்தைத் தொடர்வது. 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தில், 160 கிராம் அளவே எடையுள்ள பந்து பெரும்பாலும் தரையோடு தரையாக ஓடுகிறது. அதைச் சுற்றி இருபத்திரண்டு பேரின் கால்களும் மட்டைகளும் ஓயாமல் குறுக்கிடுகின்றன. முன் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களின் முகம், மட்டையின் ஓசை, தரையிலிருந்து தெறிக்கும் நீர் எல்லாம் மிக அருகில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கக் கோட்டருகே பந்து போனவுடன் ஆட்டம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. “பந்து எங்கிட்டு இருக்குன்னே தெரியலையே ஆத்தா” என்று அப்பத்தா பேத்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தாள். முதல் இடைவேளையில் நாங்கள் மேலே ஏறினோம். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்க்கும்போது எந்தப் படகு எந்தப் பக்கம் திரும்புகிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிவதும், கரையில் நின்றால் முன்னால் நிற்கும் படகு மட்டுமே தெரிவதும் நம் பக்கத்தாருக்குப் பழக்கமான விஷயம். உயரத்தின் பயன் இங்கும் அதுவேதான். மேலிருந்து பார்க்கும்போது பந்து இல்லாத வீரர் எங்கே ஓடுகிறார், காலி இடம் எங்கே திறக்கிறது என்பது புரிகிறது. அது புரிந்த பிறகு பந்தைத் தேட வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

உயரத்தை முடிவு செய்த பிறகு, நீளவாக்கில் எங்கே உட்காருவது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு நேரான இடம் எப்போதும் முதலில் நிரம்பும், கட்டணம் பிரித்து வசூலிக்கும் போட்டிகளில் விலையும் அங்கேதான் ஏறும். ஆனால் ஹாக்கியில் கோல் விழும் இடம் ஒவ்வொரு முனையிலும் உள்ள அரைவட்டம். கோல் கம்பங்களிலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வரையப்பட்ட அந்த வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் செல்லும். நடுவில் உட்கார்ந்தவருக்கு இரு வட்டங்களும் ஒரே அளவு தூரம். 23 மீட்டர் கோட்டுக்கு நேராக உட்கார்ந்தவருக்கோ ஒரு வட்டம் கண்ணெதிரே இருக்கும். மறுமுனை தூரமானாலும், உயரத்தின் துணையால் பாதி விளங்கும்.

எந்த முனையில் உட்காருவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆட்டம் தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது. இரண்டு பகுதிகள் முடிந்ததும் அணிகள் முனை மாறுகின்றன. ஆகவே, நமக்குப் பிடித்த அணி முதல் பாதியில் எந்தக் கோலைக் காக்கிறதோ, அந்த முனைக்கு அருகே உட்கார வேண்டும். இரண்டாம் பாதியில் அவர்கள் அங்கேதான் தாக்க வருவார்கள். ஆட்டத்தின் விறுவிறுப்பு பெரும்பாலும் கடைசி நிமிடங்களில்தான் கூடுகிறது. பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு களவீரரை இறக்குவது அந்த நேரத்தில்தான். ஆளில்லாத கோலை என் மகன் வாய் பிளந்து பார்த்தது, இருக்கை எண் போடாததால் முனையை நாமே தேர்ந்தெடுக்க முடிந்த காலரி எங்களுக்குக் கொடுத்த பரிசு. எண் போட்ட இருக்கையானால் இந்தக் கணக்கு முன்கூட்டிப் பலிக்காது, எந்த முனை கிடைத்தாலும் ஒரு பாதி நமக்கு உண்டு என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த அரங்கமானாலும், கோலுக்கு நேர் பின்னால் உள்ள இடத்தை முதல் ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பந்தைத் தடுக்கக் கட்டியிருக்கும் உயர்ந்த வலை வழியாகத்தான் முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். மறுமுனையில் நடப்பது தொண்ணூறு மீட்டருக்கு அப்பால் நடக்கும் ஏதோ ஒன்றாகவே மிஞ்சும். ஆனால் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. தற்காப்பு அணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரின்போது, கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க, மற்ற தற்காப்பாளர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் அனுப்பப்படுகிறார்கள். வட்டத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்ட பந்தை இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் நேராக நம்மை நோக்கி வருவது அந்த இடத்திலிருந்து மட்டுமே தெரியும். 2024–25 பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸுக்கு ஆடிய நெதர்லாந்தின் யிப் யான்சன் போன்ற ஃபிளிக்கர்கள் இருக்கும் ஆட்டத்தில், ஆட்டத்தை ஏற்கெனவே அறிந்தவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டு. புதியவருக்கு, 23 மீட்டர் கோட்டருகே இருந்து பார்த்தால் பந்தை உள்ளே தள்ளுபவர், நிறுத்துபவர், வீசுபவர் என்ற மூவரின் வேலையும் வரிசையாகத் தெரியும், அது போதும்.

பெவிலியன் வசதியானது என்பதில் ஐயமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் வந்தால், அந்த வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். அப்பத்தாவை அழைத்துக்கொண்டு காலரிப் படிகளில் ஏறியது எளிதாக இல்லை, படிக்கட்டை ஒட்டிய ஓர இருக்கையைப் பிடித்ததால் சமாளித்தோம். ஆனால் அணிகளின் பெஞ்சுகளும் அதிகாரிகளின் மேசையும் உள்ள பக்கத்தில் கீழ் வரிசையில் இடம் கிடைத்தால், மாற்று வீரர்களின் முதுகுகளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஹாக்கியில் மாற்று வீரர் இறங்குவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாராவது எழுந்து ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். கோல்கீப்பரின் கண்ணில் சூரியன் அடிக்காதபடி ஹாக்கி ஆடுகளங்களைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே அமைக்கிறார்கள். எனவே மாலை நான்கு மணி ஆட்டத்துக்குப் போனால், மேற்குப் பக்கத்தில் உட்காருபவருக்குச் சூரியன் முதுகில் இருக்கும், கிழக்குப் பக்கத்தாருக்குக் கண்ணைக் கூசும். விளக்கொளியில் நடக்கும் இரவு ஆட்டங்களில் இந்தக் கவலை இல்லை. எழும்பூரில் இப்போதுள்ள நீலத் தரை, 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைக்காக விரிக்கப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்ட அதே வகையைச் சேர்ந்தது. விளக்கொளியில் அதன் மேல் பந்து தெளிவாகவே தெரிகிறது. ஆட்டத்துக்கு முன் தரைக்குத் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. இதற்காகவே சற்று முன்னதாக உள்ளே போய்விடலாம்.

இனி, இருக்கையைவிட அதிகம் செலவு வைக்கும் விஷயம். இராமேசுவரத்திலிருந்து வரும் ரயில்கள் நம்மை எழும்பூரில் இறக்கிவிட்டால், அரங்கம் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவுதான். நிலையச் சீரமைப்புப் பணிகள் நடக்கும் காலத்தில் ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடுகிறதா என்று முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கல் திரும்புவதில் இருக்கிறது. சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் சென்னையை விட்டு மாலையிலேயே கிளம்பிவிடுகின்றன. இரவு ஆட்டம் முடிவதற்குள் இரண்டுமே விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பேருந்து பிடிக்கலாம் என்றால், தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. தூங்கி விழும் சிறுவனையும் முதியவரையும் கூட்டிக்கொண்டு அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் போவது சரிப்படாது. எனவே எழும்பூர் கென்னட் லேன் பக்கம் ஒரு சாதாரண விடுதி அறைக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். காலரிக்கும் பெவிலியனுக்கும் இடையே மிச்சமாகும் தொகையை இதற்குத் திருப்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

இந்தச் செலவு முழுவதையும் தவிர்க்க விரும்புவோருக்கு மதுரை இருக்கிறது. 2025 ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பைக்காக ரேஸ் கோர்ஸ் வளாகத்தில் அமைந்த புதிய அரங்கில் ஆட்டம் நடந்தால், இராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மாட்டுத்தாவணியில் ஏறி இரவோடு இரவாக வீடு திரும்பலாம். அந்த உலகக் கோப்பைக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் கட்டணம் இல்லாத இடத்தில் முந்தி வருபவருக்கே நல்ல இருக்கை கிடைக்கும். மேல் வரிசையும் 23 மீட்டர் கோடும் வேண்டுமென்றால் முந்தைய ஆட்டம் நடக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே மதுரையில் இந்திய இளையோர் ஓமானை 17–0 என்று வென்றார்கள். கோல்களை எண்ணிக் களிப்பவருக்கு அது திருவிழா, ஹாக்கி என்றால் என்ன என்று அறிய வந்த பிள்ளைக்கு அது பாதி ஆட்டம்தான், ஏனென்றால் எதிரணி நம் வட்டத்துக்குள் வந்து மிரட்டுவதை அப்படிப்பட்ட ஆட்டத்தில் பார்க்க முடிவதில்லை. இரு பக்கமும் அயல்நாட்டு, இந்திய வீரர்கள் கலந்து ஆடும் லீக் ஆட்டங்களில் அணிகளின் பலம் ஏறக்குறைய சமமாக இருப்பதால், செலவு கூடினாலும் முதல் ஆட்டத்துக்கு நான் எழும்பூரையே சொல்வேன்.

எழும்பூருக்குப் போவதென்றால், ஐந்து பேருக்கும் ஒரே வரிசையில் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்குமா என்பதைச் சீட்டு எடுக்கும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளில் விவரம் தெரிந்தவரைப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நடுவர் ஏன் விசில் ஊதினார், பச்சை அட்டை பெற்றவர் ஏன் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விகளுக்கு அரங்கின் ஒலிபெருக்கியைவிட என் மகள் நன்றாகவே பதில் சொன்னாள்.