ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஸ்பிட்ஃபயர் பின் ஸ்பிரிங்: வாங்குமுன் தெரிய வேண்டியவை

ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, ஸ்பிட்ஃபயர் 1500 ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களில் வந்த ஸ்விங் ஸ்பிரிங் (ஆடும் பட்டை ஸ்பிரிங்) பின் செட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. கோவை, பொள்ளாச்சி தொடங்கி வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு (ட்ரயம்ஃப் ஹெரால்டின் இந்தியத் தயாரிப்பான பழைய கார்) வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த செட் நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் உட்காருமா, உட்கார்ந்தால் பயன் உண்டா? உட்காரும், பயனும் உண்டு. ஆனால் பின் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு முன்பக்கத்தைத் தொடாமல் விடுவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் (என்ஜின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) சேஸில் நிலையாக நிற்கும். அதன் தலைமேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். ஆக்சில் ஷாஃப்டின் உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் (மடங்கிச் சுழலும் இணைப்பு), வெளிமுனையில் கிடையாது. அதனால் சக்கரம் மேலே கீழே போகும்போது ஷாஃப்டோடு சேர்ந்து சாய்ந்தே ஆக வேண்டும். ஆழியாரிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, வளைவுக்குள் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரம் அடியில் மடங்கும். டயர் ஓரத்தில் நிற்கும், வால் வெளியே வீசும். மழையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இந்தியத் தயாரிப்பாளரே 1972-ல் வந்த கஸல் மாடலில் ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு, இரண்டு சக்கரமும் ஒரே விறைப்பான அச்சில் நிற்கும் கட்டை ஆக்சிலுக்குப் போனார்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1970 இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஆக்சிலை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைப் பிடிக்கும் முறையை மட்டும் மாற்றினார்கள். பழைய ஸ்பிரிங்கில் எல்லாப் பட்டைகளும் டிஃபரன்ஷியலோடு இறுகியிருக்கும். புதியதில் ஒரு பட்டை மட்டும் இறுகியிருக்க, மற்றவை ஒரு பெட்டிக்குள் நடு அச்சில் தராசுக்கோல் போல ஆடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து அமுங்கும்போது எல்லாப் பட்டைகளும் சுமை தாங்கும். வண்டி ஒருபக்கம் சாயும்போது பெரும்பாலான பட்டைகள் எதிர்க்காமல் ஆடிக்கொடுக்கும். எதிர்ப்பு குறைவதால் பின்பக்கத்தைத் தூக்கும் விசையும் குறைகிறது. சக்கரம் மடங்குவதும் அடங்குகிறது. ஒற்றைச் சக்கரம் குழியில் விழும்போது வரும் உதறலும் குறையும்.

இப்போது அந்த எச்சரிக்கை. பின்பக்கம் சாய்வை எதிர்க்காவிட்டால் அந்த வேலை முழுவதும் முன்பக்கத்தின் தலையில் விழும். அதற்காகத்தான் ஸ்பிட்ஃபயரில் முன் ஆன்ட்டி ரோல் பாரை (வண்டி ஒருபக்கம் சாய்வதை எதிர்க்கும் குறுக்குக் கம்பி) தடிமனாக்கினார்கள். சுமார் 22 மி.மீ. வரும். ஹெரால்டின் மெல்லிய பாரை வைத்துக்கொண்டு பின்னால் ஸ்விங் ஸ்பிரிங் போட்டால், வளைவில் வண்டி படகு போலச் சாயும். ஓட்டுபவர் 'ஸ்பிரிங் சரியில்லை' என்று திட்டுவார். தப்பு ஸ்பிரிங்கில் இல்லை. தடித்த பார் வாங்கும்போது அதற்கேற்ற துளையுள்ள ரப்பர் புஷ்ஷும், அந்த அளவு யு-போல்ட்டும், இரண்டு லிங்கும் சேர்த்து வாங்குங்கள். பழைய புஷ்ஷைச் சீவிப் பொருத்தினால் சில மாதத்தில் கிழிந்துவிடும்.

வாங்க வேண்டியவை: ஸ்விங் ஸ்பிரிங் 1, ஸ்பிரிங் பெட்டி 1, பெட்டியை இறுக்கும் ஸ்டட் 4, நைலாக் நட் 4, ஸ்பிரிங் காதுக்கான (நுனியில் போல்ட் நுழையும் வளையம்) புஷ் 2, காது போல்ட் 2, முன் பார் செட், பின் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி. ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற இங்கிலாந்துக் கடைகளில் இவை கிடைக்கும். ஸ்பிரிங் கனமான பொருள். அனுப்பும் செலவும் சுங்கமும் பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கும் என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்து வரவழைப்பது புத்திசாலித்தனம்.

பயன்படுத்திய பெட்டி வாங்கினால் அச்சில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைஸில் பெட்டியைப் பிடித்து ஸ்பிரிங்கின் நுனியை அசைத்தால், அது முறுக்கோடு நகர வேண்டும். 'டக் டக்' என்று அடிக்கக் கூடாது. ஆட்டமிருந்தால் ஒவ்வொரு குழியிலும் பின் சீட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். அதைத் தேடி ஷாக், கிராஸ், டிஃபரன்ஷியல் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்கள். பட்டைகளின் நுனியில் இருக்கும் ரப்பர் பொத்தான்களும் முழுதாக இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஸ்பிரிங் பட்டைகளின் வளைவு. ஸ்பிட்ஃபயர் இரண்டு பேர் உட்காரும் வண்டி. அதன் ஸ்பிரிங் ஹெரால்டில் ஏறினால், ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது நன்றாகத்தான் நிற்கும். பின் சீட்டில் இரண்டு பெரியவர்களும் டிக்கியில் பைகளும் ஏறிவிட்டால் பின்பக்கம் குந்தி, சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். இந்த நெகடிவ் கேம்பர் லேசாக இருப்பது நல்லது. பார்த்தவுடன் தெரியும் அளவு இருந்தால் டயரின் உள் ஓரம் தேயும். டிஃபரன்ஷியலுக்கும் பெட்டிக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். அது நேர்மாறாக வேலை செய்யும். அங்கே கட்டை வைத்தால் ஸ்பிரிங்கின் நடு மேலே போகும், காதும் சக்கரமும் அதோடு ஏறும், வண்டி இன்னும் தாழும். உயரம் வேண்டுமென்றால் பட்டைகளுக்கு வளைவு ஏற்றுவது ஒன்றே வழி.

கஞ்சிக்கோடு, கோவைப் பக்கத்து லாரி ஸ்பிரிங் பட்டறைகளில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காய்ச்சாமல் சுத்தியால் தட்டி வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த வளைவு சில மாதத்தில் திரும்பப் போய்விடும். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் இறக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் கொடுப்பவரா என்று கேளுங்கள். ஒரு பட்டை உடைந்திருந்தால் அதே அகலம், அதே தடிமனில் சுப் 9 அல்லது இஎன் 45 ரக ஸ்பிரிங் எஃகில் செய்து வாங்கலாம்.

மாட்டும் வேலை ஒரு நாளில் முடியும், போல்ட்கள் ஒத்துழைத்தால். சேஸின் அடியில் நல்ல ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கியை நம்ப வேண்டாம். பின் சீட்டின் முதுகைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்கு மேலுள்ள மூடி தெரியும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. இந்த வண்டியில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து நிறுத்துவதே ஷாக் அப்சார்பர்தான். ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் முழு வேகத்தில் சக்கரத்தைக் கீழே தள்ளும். கை மாட்டினால் விரல் போகும். ஜாக்கி கொடுத்து, ஷாக்கை எடுத்து, பிறகு மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸ் தொங்கி இழுபடாமல் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

அடுத்துக் காது போல்ட். பல வருடமாக அசையாத வண்டியில் இது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவேறி ஒன்றாகியிருக்கும். முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். வராவிட்டால் அறுத்து எடுப்பதே நல்லது. சுத்தியால் அடித்தால் நிமிர்ந்து நிற்கும் வெர்ட்டிக்கல் லிங்கின் காது விரியும். அது கிடைப்பது கஷ்டம். பிறகு மேலே போய் நடு நட்டுகளைக் கழற்றி ஸ்பிரிங்கை ஒருபக்கமாக உருவலாம். டிஃபரன்ஷியலை இறக்கத் தேவையில்லை.

பழைய டிஃபரன்ஷியலில் 6 ஸ்டட் இருக்கும், ஸ்விங் பெட்டிக்கு 4 போதும். நடுவிலிருக்கும் இரண்டையும் எடுத்துவிட்டு, அந்தத் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் தெரியாமலே போகும். இந்த டிஃபரன்ஷியல் கொள்வதே அரை லிட்டருக்குச் சற்று மேல். ஸ்டட் உள்ளே எவ்வளவு திருகு பிடிக்கிறது என்று அளந்து பார்த்தே வாங்குங்கள். நட் பக்கத்து நூல் (திருகுப் பள்ளம்) யுஎன்எஃப் என்ற அங்குல வகை. 3/8 அங்குல நட்டுக்கு 9/16 ஸ்பேனர். ஜீப் வேலை செய்யும் பட்டறைகளில் இவை இருக்கும். 10 மி.மீ. மெட்ரிக் போல்ட்டைத் திணிக்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது, இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

பெட்டி பழைய பிடிப்பைவிட உயரமானது. மேல் மூடி அதில் முட்டும். மூடியை வெட்டாமல் உயரமான புது மூடி ஒன்று தகரத்தில் செய்து போடுவது நல்லது, பழையதைப் பத்திரப்படுத்தலாம். காது போல்ட்டையும், சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் போல்ட்டையும் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை ஏறிய பிறகே கடைசி முறுக்கு கொடுங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும், வண்டியும் உயரமாக நிற்பதுபோல ஏமாற்றும். ரேடியஸ் ஆர்மின் முன் பிராக்கெட்டில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகள்) கூட்டிக் குறைத்துத்தான் பின் சக்கரத்தின் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே பார்த்து நிற்கும் கோணம்) சரிசெய்யப்படுகிறது. பின் அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த இடமாகப் பார்த்துப் போங்கள்.

ஹப்பைத் திறந்தாலன்றி ஆக்சில் ஷாஃப்ட்டைத் தொடத் தேவையில்லை. திறந்தால் நல்ல புல்லர் வேண்டும். நீடில் பேரிங் நேராக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுவதால் ஷாஃப்ட்டில் கோடு விழுந்திருந்தால் புதுப் பேரிங் போட்டுப் பயனில்லை. 1973-க்குப் பிந்தைய ஸ்பிட்ஃபயரின் நீள ஷாஃப்ட் பக்கத்துக்கு 1 அங்குலம் சக்கரத்தை வெளியே தள்ளும். ஹெரால்டின் மட்கார்டில் டயர் உரசும், வாங்காதீர்கள். முழு ஸ்பிட்ஃபயர் 1500 டிஃபரன்ஷியலும் மலிவாக வந்தால் மயங்க வேண்டாம். அதன் பல்சக்கர விகிதம் 3.63, ஆரம்ப 948 சிசி ஹெரால்டுக்கு 4.875. அதே வேகத்தில் என்ஜின் சுற்று கால் பங்கு குறையும், 35 குதிரைத்திறன் அளவே உள்ள என்ஜின் மலையேற்றத்தில் திணறும்.

ட்ரயம்ஃபின் வைட்டெஸ் மார்க் 2, ஜிடி6 மார்க் 2 ஆகிய கார்களின் ரோட்டோஃப்ளெக்ஸ் (ஷாஃப்டில் ரப்பர் கப்ளிங் உள்ள) பின் சஸ்பென்ஷன் இதைவிட நன்றாகச் சாலையைப் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் சேஸில் பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டும். ரப்பர் கப்ளிங்கும் கிழியும், விலையும் அதிகம். இந்தப் பக்கத்துச் சாலைக்கும் சட்டத்துக்கும் அது ஒத்துவராது.

சட்டம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. கேரளப் பக்கத்தில் சோதனையும் கெடுபிடியானது. 50 வருடம் தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிப்படி பழம்பெரும் (விண்டேஜ்) வண்டிகளுக்கான விஏ வரிசை எண்ணில் பதிய நினைப்பவர்கள், புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000 கட்டுமுன், வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள். இந்த செட்டின் பெரிய பலமே வெட்டும் வெல்டிங்கும் இல்லாமல் போல்ட்டிலேயே திரும்பக் கழற்றலாம் என்பதுதான். பதிவு, பரிசோதனை என்று வரும்போது பழைய ஸ்பிரிங், 6 ஸ்டட், மெல்லிய முன் பார், மூடி எல்லாம் கையிலிருக்க வேண்டும். ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டுவிட்டு மாட்டுவது உத்தமம்.

மாட்டி 200 கி.மீ. ஓடியதும் நான்கு பெட்டி நட்டையும் ஒருமுறை முறுக்கு பாருங்கள், பட்டைகள் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அந்தச் சமயத்திலேயே முன் ட்ரன்னியனுக்கு (முன் சக்கரம் திரும்பும்போது லிங்க் திருகிச் சுழலும் கீழ் மூட்டு) இபி 90 கியர் எண்ணெய் விடுங்கள். நம் பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் கிரீஸ் அங்கே போகக் கூடாது. கிரீஸ் திருகுக்குள் இறங்காது, உள்ளே துருப்பிடித்து முன் லிங்க் ஒடிந்தால் பின்னால் எத்தனை நல்ல ஸ்பிரிங் போட்டும் பலனில்லை.